கம்பியில்லா இணைப்புக்குக் கம்பியே அடித்தளம்

(செங்கல்பட்டில் வீடு கட்டுவோர், கட்டடப் பொறியாளர்கள், எலக்ட்ரீஷியன்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வீடு கட்டுகிறவர்களும் கட்டிக்கொடுக்கிறவர்களும் ஒன்றாகக் கூடியிருக்கும் இந்த அவையில், பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் ஒரு குறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வாசலறையில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது. பின்கட்டு அறைக்குப் போனால் அழைப்பு அறுந்துபோகிறது. மாடியில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. மாதம் தவறாமல் பணம் கட்டும் வீடுகளில்தான் இந்த நிலை. இணைப்புக் கொடுத்தவரைத் திட்டுகிறோம், இன்னும் வேகமான பிளானுக்கு மாறுகிறோம், நாலைந்து ஆன்டெனா வைத்த ரௌட்டர் பெட்டியை வாங்குகிறோம். குறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏனென்றால் கோளாறு வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருக்கிறது, அங்கே நாம் எதையும் செய்வதில்லை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வைஃபை ஒழுங்காகக் கிடைக்க வேண்டுமானால் ஒரு பெட்டியின் வலுவைக் கூட்டிப் பயனில்லை. அளவான வலுவுள்ள பெட்டிகளைத் தேவையான இடங்களில் வைத்து, அவற்றைக் கம்பியால் இணைக்க வேண்டும். அந்தக் கம்பிக்கான குழாயைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே புதைத்துவிட வேண்டும்.

முதலில் நம் மாவட்டத்து வீடுகளைப் பார்ப்போம். இங்கே மனை கிரவுண்ட் கணக்கில் விற்கிறது. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம், திருப்போரூர்ப் பக்கத்து மனைப்பிரிவுகளில் அரை கிரவுண்ட் மனைகள் ஏராளம். அகலம் 20 அடி, நீளம் 60 அடி என்பது பழக்கமான அளவு. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் ஒயர் முன்பக்கமாக நுழைகிறது. வந்தவர் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். அங்கிருந்து பின்னறைக்குச் சிக்னல் நீளவாக்கில் போக வேண்டும். வழியில் ஹால் சுவர், படிக்கட்டு, பூஜையறை, குளியலறை, சில வீடுகளில் ஒரு இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும். மாடிக்குப் போவதென்றால் ஸ்லாபையும் துளைக்க வேண்டும். செங்கல்பட்டின் பழைய தெருக்களில் மிஞ்சியிருக்கும் நாட்டு ஓட்டு வீடுகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே மரச்சட்டமும் ஓடும். முற்றத்து ஓரமாக வைத்த ஒரு பெட்டி அந்த வீட்டின் பெரும்பகுதிக்குப் போதும். கட்டுமானம் மாறியிருக்கிறது, பெட்டியை வைக்கும் பழக்கம் மாறவில்லை.

சுவர் செய்யும் வேலையைக் கணக்காகப் பார்த்தால்தான் குறையின் அளவு புரியும். சிக்னலின் வலுவை டெசிபெல் கணக்கில் அளக்கிறார்கள். 10 டெசிபெல் குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகிறது. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. திறந்த வெளியிலேயே தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் போய்விடும். அதோடு, ஒவ்வொன்றும் 10 டெசிபெல் குடிக்கும் மூன்று சுவர்கள் நடுவில் நின்றால், பின்னறைக்கு வந்து சேர்வது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. முதலாவது சுவரைக் கொஞ்சம் எளிதாகத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) ஓரத்து அடுக்குமாடியில் பத்து வீட்டுப் பெட்டிகளும் இந்த மூன்றைத்தான் பங்குபோட வேண்டும். இரண்டாவது வேகமானது, இடவசதி மிக்கது, ஆனால் சுவரில் சோர்ந்துவிடும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2005லும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதி 2018லும் உரிமம் தேவையில்லாததாக அறிவிக்கப்பட்டன. 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அடுத்த வரிசைக்கு 2025 மே மாதம் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. அதன் அலை இன்னும் குட்டை, சுவரைத் தாண்டும் திறன் இன்னும் குறைவு. வேகம் கூடக் கூடச் சுவரின் தடை கூடுகிறது. தொழில்நுட்பம் போகும் திசையே ஒற்றைப் பெட்டிக்கு எதிரானது.

‘அப்படியானால் வலுவான பெட்டியாக வாங்கிவிடலாமே’ என்று கேட்பார்கள். கடைக்காரர் சொல்வதும் அதைத்தான். இதற்குப் பதில், வைஃபை இருவழிப் பேச்சு என்பதில் இருக்கிறது. பெட்டி பேசுவதைக் கைப்பேசி கேட்டால் போதாது. கைப்பேசி பேசுவதைப் பெட்டியும் கேட்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவின் பலனையும் சேர்த்து 4 வாட் வரை நம் விதிகள் அனுமதிக்கின்றன. சிறு மின்கலத்தை வைத்துக்கொண்டு உயிர்வாழும் கைப்பேசி பொதுவாகப் பத்தில் ஒரு வாட்டுக்குள்தான் பேசுகிறது. பெட்டியின் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் கைப்பேசியின் குரல் உயராது. திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், ஆனால் நீங்கள் பேசுவது எதிர்முனைக்குப் போகாது. ‘ஃபுல் சிக்னல் காட்டுகிறது, நெட் வரவில்லை’ என்று சொல்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு, கூட்டிய வலு பக்கத்து வீட்டின் சேனலிலும் போய் நிற்கிறது. வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எனவே தன் வீட்டுக்காக வலுவைக் கூட்டுகிறவர் அண்டை வீட்டாரையும் காக்கவைக்கிறார்.

ஆகவே பெட்டிகள் இரண்டு மூன்றாக வேண்டும். உடனே அடுத்த கேள்வி வருகிறது. நடந்துகொண்டே பேசும்போது ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கைப்பேசி எப்படி மாறுகிறது? பலரும் பெட்டிதான் கைமாற்றி விடுகிறது என்று நினைக்கிறார்கள். செல்கோபுர வலையமைப்பில் அது ஓரளவு உண்மை. வைஃபையில் முடிவெடுப்பது கைப்பேசி. இதற்குக் கலங்கரை விளக்கம் நல்ல உவமை. மாமல்லபுரத்தில் 1887இல் ஒலக்கணேசுவரர் கோயிலின் கூரைமேல் விளக்கேற்றினார்கள். பிறகு அதன் அருகிலேயே கல் கோபுரம் எழுப்பினார்கள். எந்த விளக்கை நம்பி வழிபிடிப்பது என்று அந்த விளக்கு மாலுமிக்குக் கட்டளையிட்டதில்லை. ஒரு விளக்கு மங்குவதற்குள் அடுத்த விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி கரையில் வைப்பது கட்டுகிறவர்களின் வேலை. தேர்ந்தெடுப்பது நகர்கிறவரின் வேலை. வீட்டிலும் நம் கையில் இருப்பது பெட்டிகளை வைக்கும் இடமும், அவற்றின் வலுவும், சேனலுமே.

கைப்பேசி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளின் நடத்தையை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. ஹாலில் பெட்டிக்கு அருகில் சிக்னல் மைனஸ் 45 டிபிஎம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (மைனஸ் எண் கூடக் கூடச் சிக்னல் குறைவு). பேசிக்கொண்டே சமையலறைக்கு நடக்கிறீர்கள். மைனஸ் 60 ஆகிறது. ஐபோன் அசைவதில்லை. மைனஸ் 70ஐத் தாண்டிக் கீழே போனால்தான் வேறு பெட்டி இருக்கிறதா என்று தேடத் தொடங்குகிறது. தகவல் ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிய பெட்டி பழையதைவிட 8 டெசிபெல் வலுவாக இருந்தால்தான் மாறுகிறது. சும்மா இருக்கும்போது 12 டெசிபெல் வித்தியாசம் கேட்கிறது. தடங்கலில்லாத பேச்சுக்கு மைனஸ் 67க்குக் குறையாத சிக்னல் வேண்டும் என்பது இத்துறையினரின் பொது அளவுகோல். இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் பெட்டி வைக்கும் விதி தானே கிடைக்கும். முதல் பெட்டி மைனஸ் 70ஐத் தொடும் இடத்தில் இரண்டாவது மைனஸ் 60 அளவிலாவது கேட்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமானால் நடுவில் பேச்சு அறும். இரண்டும் நெருங்கி முழு வலுவில் கத்தினால், மாடிப் படுக்கையறையில் உட்கார்ந்த பிறகும் கைப்பேசி கீழ்த்தளப் பெட்டியையே பிடித்துத் தொங்கும். அதனால்தான் வலுவைக் குறைப்பதும் தீர்வின் ஒரு பகுதி என்கிறேன்.

இந்த மாற்றத்தை விரைவாக்க மூன்று தரநிலைகள் இருக்கின்றன. 802.11கே, பக்கத்தில் எந்தெந்தப் பெட்டிகள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்ற பட்டியலைக் கைப்பேசிக்குக் கொடுக்கிறது. 802.11வி, ‘அந்தப் பெட்டிக்குப் போனால் நன்றாக இருக்கும்’ என்று யோசனை சொல்கிறது. 802.11ஆர், மாறும்போது நடக்கும் கடவுச்சொல் சரிபார்ப்பைச் சுருக்குகிறது. மூன்றுமே உதவிகள், கட்டளைகள் அல்ல. அடிப்படை தவறாக இருந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. நம் வீடுகளில் பரவலாகக் காணும் அடிப்படைத் தவறு ஒன்று உண்டு. பழைய ரௌட்டர் ஒன்றை எடுத்து, முதல் பெட்டியிலிருந்து கேபிள் கொடுத்து, அப்படியே மாடியில் மாட்டிவிடுவார்கள். அதுவும் ரௌட்டராகவே இயங்கித் தனி ஐபி முகவரி வழங்கத் தொடங்கும். கைப்பேசி ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு மாறும்போது முகவரியே மாறிவிடும். ஓடிக்கொண்டிருந்த அழைப்பு அங்கேயே முறியும். இரண்டாவது பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை, ஆனால் வெவ்வேறு சேனல் கொடுத்தால் போதும். செலவில்லாத திருத்தம் இது. எலக்ட்ரீஷியன் தோழர்கள் கற்றுக்கொண்டால் பல வீடுகளின் குறை அரை மணி நேரத்தில் தீரும்.

‘இரண்டாவது பெட்டிக்குக் கேபிள் எதற்கு? பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் இருக்கிறது, மெஷ் இருக்கிறது’ என்பது அடுத்த மறுப்பு. நியாயமான மறுப்பு, ஆகவே நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். ரிப்பீட்டர் கேட்டதைத் திரும்பச் சொல்கிறது. ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு அதைச் செய்யும்போது ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது. ஆகவே வேகம் பாதியாகிறது. மேலும், சிக்னல் இல்லாத அறையிலேயே அதைச் செருகுகிறோம். தனக்கே கேட்காததை அது எப்படித் திரும்பச் சொல்லும்? பல பெட்டிகள் காற்றிலேயே ஒன்றோடொன்று பேசி ஒரே வலையாக இயங்கும் மெஷ் இதைவிட மேல். பெட்டிகளுக்கிடையே பேசத் தனி ரேடியோ வைத்த மெஷ் வேகத்தைப் பெருமளவு காப்பாற்றும். ஆனால் அந்தத் தனி ரேடியோவும் அதே சுவரையும் அதே ஸ்லாபையும் தாண்டித்தான் பேச வேண்டும். எந்தத் தடையால் இரண்டாவது பெட்டி தேவைப்பட்டதோ, அந்தத் தடையையே நம்பி அதன் வாழ்வு. அதே மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் சுவரின் பிரச்சினையே எழாது. ரேடியோ முழுவதும் கைப்பேசிகளுக்கே மிஞ்சும். மெஷ் வாங்குவதை நான் தடுக்கவில்லை, அதற்கும் கேபிள் கொடுங்கள் என்கிறேன்.

கம்பியின் பக்கம் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. வைஃபையின் முதல் தரநிலை 1997இல் வந்தது. அதன் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். பிறகு 2009, 2013, 2021 எனத் தலைமுறைகள் மாறின. ஒவ்வொரு முறையும் பெட்டியை மாற்ற வேண்டியிருந்தது. செம்புக் கேபிளில் விநாடிக்கு ஒரு கிகாபிட் அனுப்பும் தரநிலை 1999இல் வந்தது. அன்று ஒழுங்காக இழுத்த கேபிள் இன்றைக்கும் அந்த வேகத்தைத் தருகிறது. பெட்டிக்கு ஆயுள் சில ஆண்டுகள், கேபிளுக்குப் பல பத்தாண்டுகள், குழாய்க்கு வீட்டின் ஆயுள். அதனால்தான் குழாயைப் பற்றி இத்தனை அழுத்திப் பேசுகிறேன். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் எலக்ட்ரீஷியன் ஃபேன் பாக்ஸ்களை வைத்துக் குழாய் ஓட்டுகிறார் அல்லவா? அந்த ஒரு நாளில் கூடுதலாக இரண்டு குழாய்கள் போதும். ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து ஒன்று கீழ்த்தளத்தின் நடுக்கூரைக்கு, இன்னொன்று மாடி நடைவழியின் கூரைக்கு. கூர்மையான வளைவு கூடாது. உள்ளே இழுகம்பி ஒன்றை விட்டுவைக்க வேண்டும். 230 வோல்ட் ஒயர் போகும் குழாயிலேயே டேட்டா கேபிளைத் திணிக்கக் கூடாது. இந்தக் குழாய்களுக்கு ஆகும் பணம், ஸ்லாபுக்கு ஆகும் செலவில் கணக்கில் வராத தொகை. வீடு முடிந்த பிறகு இதையே செய்ய வேண்டுமானால் சுவரை வெட்டி, பூசி, வண்ணம் அடிக்க வேண்டும்.

கடற்கரைக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை உப்புக்காற்று வீசும் வீடுகளில் உலோக இணைப்புகள் சீக்கிரம் அரிக்கின்றன. மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் ஒரு வகை, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. அதை வாங்காதீர்கள், முழுச் செம்பு என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ பெட்டி வைப்பதானால் மழைக்கும் உப்புக்கும் தாங்கும் உறையோடு கூடியதாக வையுங்கள். வெளிப்புறமாகச் செம்புக் கேபிள் ஓடினால் இடியின்போது அதுவே மின் அதிர்வை வீட்டுக்குள் கொண்டுவரும். வெளியே ஓடும் நீண்ட தூரத்துக்குக் கண்ணாடி இழையே பாதுகாப்பு. மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. அத்தகைய நேரங்களில்தான் தகவல் தொடர்பு அவசியமாகிறது. கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ முறையைப் பின்பற்றினால், எல்லாப் பெட்டிகளுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து போகும். அந்த ஓரிடத்துக்கு இன்வெர்ட்டர் இணைப்போ சிறிய யுபிஎஸ்ஸோ கொடுத்தால் வீடு முழுவதும் வைஃபை தொடர்ந்து கிடைக்கும். இதுவும் கம்பி தரும் நன்மையே.

‘கட்டி முடித்த வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் என்ன செய்வது?’ என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நம்மில் பெரும்பாலோர் அவர்களே. அவர்களுக்கும் வரிசை உண்டு. முதலில் பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்தும் பீரோவின் மேலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். ஃபைபர் ஒயரைச் சில மீட்டர் நீட்டித் தரச் சொன்னால் இது ஆகிவிடும். அதன் பிறகும் குறை இருந்தால், சுவரின் ஓரமாகக் கேசிங் கேப்பிங்கில் ஒரு கேபிளை ஓட்டி இரண்டாவது பெட்டியை வையுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். கேபிளுக்கு வழியே இல்லை என்றால் மட்டும் மெஷ். ‘பெட்டி கூடினால் கதிர்வீச்சும் கூடுமே’ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. வைஃபை அலை அணுக்களை அயனியாக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. அதன் வலுவும் தூரத்தோடு விரைவாகக் குறைகிறது. பெட்டி அருகில் இருந்தால் கைப்பேசி தன் வேலையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறது, மின்கலமும் நீடிக்கிறது. ‘5ஜி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?’ என்பவர்களுக்கும் சுவரே பதில். தெருக் கோபுரத்தின் அலையும் அதே கான்கிரீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஏர்டெல், ஜியோ நிறுவனங்கள் சாதாரணத் தொலைபேசி அழைப்பையே வைஃபை வழியாகப் பேசும் வசதியைத் தந்ததற்கு வீட்டுக்குள் சிக்னல் எட்டாததே காரணம். அந்த அழைப்பு அறைக்கு அறை அறாமல் போக வேண்டுமானால் நான் சொன்ன அடிப்படை வேண்டும்.

இது வசதி படைத்தவர்களின் கவலை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் ஏற்றிருக்கிறது. இழை ஊருக்கு வந்த பிறகு, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையில் மட்டும் ஒரு பெட்டி இருந்தால், கடைசி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த இழை வந்தும் வராதது போலத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், நூலகத்துக்கும், மாமல்லபுரத்தின் சிறு விடுதிகளுக்கும் இதே கணக்கு. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தகவல் தொடர்பு அமைப்புகளுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. கட்டடங்களை அவற்றின் டிஜிட்டல் இணைப்பு வசதியைக் கொண்டு நட்சத்திர மதிப்பீடு செய்யும் ஒழுங்குமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கொடுக்கும் இடத்தை இணைப்புக்கும் வரைபடத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதை அரசு அமைப்புகளே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் அரை கிரவுண்டில் கட்டும் தனி வீட்டுக்கு எந்த மதிப்பீட்டாளரும் வரப்போவதில்லை. அங்கே இதைச் செய்ய வேண்டியவர்கள் இந்த அவையில் இருக்கிறவர்களே. பொறியாளர்களே, உங்கள் மின் வரைபடத்தில் டேட்டா குழாய்க்கு ஒரு கோடு போடுங்கள். எலக்ட்ரீஷியன்களே, வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களாக எடுத்துச் சொல்லுங்கள். வீடு கட்டுகிறவர்களே, கான்கிரீட் லாரி வருவதற்கு முன் ஒரு முறை மேலே ஏறி, அந்த இரண்டு குழாய்களும் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.